பெண்குரலும் தனித்தன்மையும்

இனிமை குரலுக்குரிய குணங்களுள் ஒன்று. அதுவே குரலின் முழு இலக்கணம் அன்று. ஆயினும், பாடகி ஒருத்தியைப் போற்றப் புகுந்தவுடன் 'குயிற்குரல்' என்னும் ஒரு சொல்லைச் சொல்லி அமைந்துவிடுதல் நம்மவர் வழக்கம். இவ்வுவமையில் இரண்டு குறைகள் உள. மரச்செறிவில் மறைந்திருந்து நாம் கேட்டு மகிழுமாறு கூவுவது ஆண்குயிலேயன்றிப் பெண்குயில் அன்று என்பது பறவைநூலார் கண்ட உண்மை. அதனினும் பெரியது மற்றொரு குறை. ஒரு குயிலின் கூவல் மற்றொரு குயிலின் கூவலை ஒத்தே நம் செவிக்குப் படுகின்றது. பாடகியின் பெருமையோ அவள் குரல் பிறிதொருத்தியின் குரலை ஒவ்வாமையிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

அடுத்த அறையில் வானொலி ஒலிக்க, பாட்டின் முதலடி முடியுமுன்னரே 'இவர் சுந்தராம்பாள்', 'இவர் பட்டம்மாள்' எனப் பெயர் கூறிவிடுகிறோம். அவ்வடையாளம் யாது? எங்கிருந்து பிறக்கின்றது? அதனைக் குறையென எண்ணித் திருத்துவதா, நிறையென எண்ணிப் பேணுவதா? இவ்வினாக்கள் இசைவல்லாருக்கு மட்டும் உரியன அல்ல. பிள்ளைகளைப் பாடவைக்கும் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் உரியன. இசைப்புலமை உடையேன் என்னும் செருக்கினால் அன்று; மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிடையே பல ஆண்டுகள் பள்ளியாசிரியனாய் இருந்து கேட்டவற்றையும், ஒருமுறை செய்த பிழை ஒன்றையும் துணையாகக் கொண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சாரீரம் என்பது யாது?

தமிழர் 'மிடறு' என்று வழங்கியதனை வடமொழி இசைநூலார் 'சாரீரம்' என்றனர். 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்நாகரம், பயிற்சி இல்லாவிடத்தும் இராகத்தின் உருவை வெளிப்படுத்தவல்ல குரலாற்றலே சாரீரம் என்றும், சரீரத்தோடு உடன்பிறத்தலின் அஃது அப்பெயர் பெற்றது என்றும் கூறுகின்றது. குரல் கற்றுக்கொண்ட ஒன்று மட்டும் அன்று, உடலோடு பிறந்த ஒன்று என்னும் இவ்வுண்மையை இன்றைய அறிவியலும் வேறொரு முறையால் உறுதி செய்கின்றது.

நுரையீரலிலிருந்து எழும் காற்றுக் குரல்வளையிலுள்ள இரு மடிப்புகளை அதிரச் செய்கின்றது. இயல்பாகப் பேசுங்கால் அம்மடிப்புகள் ஆடவர்க்கு நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும், பெண்டிர்க்கு ஏறத்தாழ 200 முறையும் அதிரும். அங்குப் பிறப்பது வெறும் மூல ஒலியே. அம்மூல ஒலி தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகளின் வழியே வெளிவருங்கால், அதனுள் அடங்கிய நுண்ணொலிகளுட் சில வலுப்பெறுகின்றன, சில மங்குகின்றன. வீணையின் தந்தி ஒன்றேயாயினும் குடம் வேறுபடின் நாதம் வேறுபடுதல் போல, மனிதருடைய இவ்வறைகளின் அளவும் வடிவும் ஆளுக்கு ஆள் வேறுபடுதலின், ஒருவர் குரல் மற்றொருவர் குரல் ஆவதில்லை.

உடலமைப்பு ஒன்று, அதன்மேல் வந்து படிவன வேறு இரண்டு உள. ஒன்று பழக்கம்: எவ்விடத்தில், எத்துணைத் தொலைவிலுள்ளோர் கேட்கப் பாடிப் பழகினாள் என்பது. மற்றொன்று வாழ்க்கை: எந்த மொழியை எவ்வாறு ஒலித்து வளர்ந்தாள், எதற்காகப் பாடினாள் என்பது. உடல், பழக்கம், வாழ்க்கை ஆகிய இம்மூன்றும் கூடிய கூட்டமே தனிக்குரல். இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் நோக்குவோம்.

கொடுமுடியிலிருந்து எழுந்த குரல்

கே. பி. சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிற் பிறந்தவர். வறுமையிற் பிறந்து, சிறுமியாய்ப் புகைவண்டியிற் பாடி, பின் நாடக மேடையேறியவர். அக்காலத்து நாடகக் கொட்டகையில் ஒலிபெருக்கி இல்லை. ஆர்மோனியமும் மத்தளமும் முழங்க, கூட்டத்தின் இரைச்சலையும் மீறிக் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் செவியில் ஒவ்வொரு சொல்லும் சென்று விழவேண்டும். விழாவிடின் அவன் சும்மா இரான், கூச்சலிடுவான். ஆகவே உச்சத்திலே நிலைத்து நிற்கும் குரலும், எழுத்து எழுத்தாகப் பிளந்து காட்டும் உச்சரிப்பும் அம்மேடை விதித்த கட்டளைகள்.

மனிதச் செவிக்கு, நொடிக்கு 2000 முதல் 5000 வரையான அதிர்வுகளையுடைய ஒலிகள்பால் உணர்வு மிகுதி. ஒரு குரலிலே அவ்வெல்லைக்குட்பட்ட நுண்ணொலிகள் வலுத்திருப்பின் அது நெடுந்தொலைவு சென்று தைக்கும். சுந்தராம்பாளின் குரலில் நாம் கேட்கும் கூர்மை, வெண்கல மணியின் நாதத்தைப் போன்ற திண்மை, சிறிதும் நடுக்கமின்மை ஆகியவற்றை இவ்வாற்றாலேயே விளங்கிக்கொள்ளுதல் பொருந்தும். அது மெல்லிய குரல் அன்று. அதனை மெல்லியதாக்கியிருந்தால் சுந்தராம்பாள் இலர்.

ஈழத்துக்கும் அவர் வாழ்வுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தம்மைப் போலவே உச்சக் குரலுக்குப் பெயர்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பாவை அவர் சந்தித்து உடன் நடித்தது 1926இல், கொழும்பிலே. அடுத்த ஆண்டு இருவரும் மணம் புரிந்தனர். 1933இல் கிட்டப்பா மறைந்தார். அதன்பின் வெள்ளையுடை உடுத்து, ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்னும் உறுதி பூண்டார் சுந்தராம்பாள். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' என்னும் பேசும்படத்தில் நந்தனாராக ஆண்வேடம் ஏற்றார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபா. 1953இல் ஔவையாராகவும், 1973இல் காரைக்கால் அம்மையாராகவும் திரையில் தோன்றினார்.

இப்பாத்திரங்களை உற்று நோக்குக. நந்தனார் ஓர் அடியார், ஔவை மூதாட்டி, காரைக்காலம்மையாரோ தம் அழகிய உடலை வேண்டாவென உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றவர். தலைவியின் எழிலைக் காட்டும் பாத்திரம் ஒன்றேனும் இவற்றுள் இல்லை. அழகிய முகத்துக்கு அணிகலனாகப் பாட்டு அமைந்த காலத்திலே, பாட்டு ஒன்றையே உடலாகக் கொண்டு நின்றவர் இவர். சைவ மரபு இதனை முன்னரே அறியும். உருவத்தைத் துறந்த காரைக்காலம்மையார் குரலைத் துறந்திலர். திருவாலங்காட்டிலே இறைவன் திருவடிக்கீழ் இருந்து பாடும் பேற்றையே கேட்டுப் பெற்றார் என்று பெரியபுராணம் போற்றும்.

தாழ்ந்த குரலும் உடைந்த குரலும்

உச்சக் குரலே சிறந்த பெண்குரல் என்று இதனால் முடிவு செய்தல் தவறு. காஞ்சிபுரத்தில் 1919இல் பிறந்த டி. கே. பட்டம்மாளின் குரல் கனமும் ஆழமும் உடையது. மேலெழுந்து மின்னுவதனினும் கீழிறங்கி நிலைகொள்ளுதலில் அதன் அழகு விளங்கும். ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட இராகம் தானம் பல்லவியைக் கச்சேரி மேடையில் பாடிக் காட்டிப் 'பல்லவி பட்டம்மாள்' எனப் பெயர் பெற்றவர் அவர். 1970இல் சங்கீத கலாநிதி விருதையும் பெற்றார். அவருக்கு இரண்டாண்டு முன், 1968இல், அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி எம். எஸ். சுப்புலட்சுமி. இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். ஒரே மரபின் கீர்த்தனங்களைப் பாடியவர். ஆயினும் ஒருவர் குரலை மற்றவர் குரலாக மயங்குவார் எவரும் இலர். பட்டம்மாள் சுப்புலட்சுமியைப் போலப் பாட முயன்றிருப்பின் தமிழிசையுலகம் ஒரு பாடகியை இழந்து ஒரு நிழலைப் பெற்றிருக்கும்.

குறையென்று தோன்றுவதே அடையாளமாவதும் உண்டு. வடநாட்டில் கஜல் இசைக்குப் புகழ்பெற்ற பேகம் அக்தர் (1914–1974) மேலெழும் இடங்களிலே குரல் சிறிது உடைந்து பிளவுபடும். இலக்கணம் பார்ப்போர் அதனைப் பிழை என்னலாம். அவர் இரசிகரோ அவ்வுடைவு எப்போது வரும் என்றே காத்திருந்தனர். பாட்டின் துயரம் அங்கேதான் வெளிப்பட்டது.

அமெரிக்காவிலே மரியன் அன்டர்சன் (1897–1993) என்னும் கறுப்பினப் பாடகியின் குரல், பெண்குரல்களுள் மிகத் தாழ்ந்த வகையைச் சார்ந்தது. நிறங் காரணமாகத் தலைநகரின் பெருமண்டபம் ஒன்று அவருக்கு மறுக்கப்பட்டது. 1939 ஏப்பிரல் 9ஆம் நாள் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று திறந்தவெளியிற் பாடினார். கேட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். கதவை அடைத்தோர் பெயரை இன்று நினைப்பார் சிலர். அக்குரலை மறந்தார் இலர்.

இனி, நம் தோட்டத்து மாரியம்மன் கோயில்களின் ஒலிபெருக்கி வழியே நாம் ஆண்டுதோறும் கேட்கும் ஒரு குரல் உண்டு. அது எல். ஆர். ஈஸ்வரியின் குரல். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். தாயார் திரைப்படக் குழுப்பாடகி. தாயோடு சென்று கூட்டத்தில் ஒருவராய்ப் பின்னின்று பாடியவரே ஈஸ்வரி. 1958இல் 'நல்ல இடத்துச் சம்பந்தம்' என்னும் படத்திலே தனித்துப் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. 1961இல் 'பாசமலர்' அவர் பெயரை எங்கும் பரப்பியது. அவர் குரலிலுள்ள துள்ளலையும் முரட்டுத் தன்மையையும் கண்டு, நடன விடுதிக் காட்சிப் பாடல்களுக்கே உரியவரெனத் திரையுலகம் அவரைப் பெரிதும் ஒதுக்கியது. அதே முரட்டுத் தன்மையே அம்மன் பாடல்களிலே ஆவேசமாயிற்று. ஓரிடத்தில் கேளிக்கை எனப்பட்ட ஒலி மற்றோரிடத்தில் பக்தி எனப்பட்டது. குரல் மாறவில்லை, அதனைக் கேட்டவர் அதற்கு அளித்த இடமே மாறிற்று.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு தனிக்குரல் எழுந்த இவ்வரலாற்றை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் அது வேண்டப்படும்.

மலைநாட்டுக் குரல்

மேற்கூறியோர் யாவரும் மேடையும் இசைத்தட்டும் திரைப்படமும் கண்டவர்கள். இவை யாதும் இன்றியும் தனிக்குரல் வாழ்வதற்கு நம் மலைநாடே சான்று.

தொழிற்சங்க முன்னோடியாகிய கோ. நடேசய்யர் 1931இல் அற்றனிலே தோட்டத் தொழிலாளர்க்கெனச் சம்மேளனம் ஒன்றை நிறுவினார். 1936 முதல் அற்றன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபையில் வீற்றிருந்தார். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மாள், பத்திரிகைப் பணியிலும் சங்கப் பணியிலும் கணவருக்கு ஒப்ப உழைத்தவர். கூட்டங்களிலே நடேசய்யர் பேச எழுமுன் மீனாட்சி அம்மாள் பாடுவார். தொழிலாளர் படும் இடரையும், இந்திய வம்சாவளியினர் அந்நாளில் எதிர்நோக்கிய நெருக்கடியையும் தாமே பாட்டாக இயற்றிப் பாடினார். அப்பாடல்கள் 1940 அளவிற் சிறுநூலாகவும் வெளிவந்தன.

அக்காலத்தைச் சிறிது எண்ணிப் பார்க்க. தோட்டத்துள் வெளியார் நுழைதல் அரிது. நடேசய்யர் தாமே புடைவை வியாபாரி போல வேடமிட்டுத் தோட்டங்களுட் புகுந்தார் என்பது வரலாறு. இலயத்துப் பெண்களுள் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். பத்திரிகை அவர்களிடம் செல்லாது, சென்றாலும் பேசாது. பாட்டோ ஒருமுறை கேட்டவள் வாயிலே ஏறி, மறுநாட் காலையிற் கொழுந்து மலைக்குச் செல்லும். அதற்கு அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை. ஒரு பெண், பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, கூலி என்றும் உரிமை என்றும் பாடுவதை அதற்குமுன் கேட்டிராத செவிகளில் அக்குரல் எவ்வாறு பட்டிருக்கும் என்பதை நாம் ஊகித்தறியலாம். அவருடைய சொற்களை இன்று படிக்கிறோம். குரலைக் கேட்டிருந்த தலைமுறை மறைந்துவிட்டது.

பெயர் பெறாத பாடகியர் இன்னும் பலர். மலைச்சரிவில் இந்த நிரையிலிருந்து அந்த நிரைக்குக் கூப்பிட்டுப் பழகிய பெண்ணின் குரல் இயல்பாகவே உயர்ந்து கூர்மையாகும். நாடக மேடை சுந்தராம்பாளுக்கு விதித்ததையே மலை இவளுக்கு விதிக்கின்றது. அதே பெண் இரவில் இலயத்தின் ஒற்றையறையிலே, பக்கத்து அறையினர் விழியாதவாறு, தாலாட்டைத் தணித்துப் பாடுவாள். இழவு வீட்டிலே ஒப்பாரி சொல்லும்போதோ அவள் குரல் உடையும்; உடைதலே ஒப்பாரிக்கு இலக்கணம். பேகம் அக்தரின் இரசிகர் காத்திருந்த அவ்வுடைவை நம் பாட்டிமார் எவரிடமும் கல்லாது கையாண்டனர்.

மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983இல் நூலாக்கிய சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவர்கட்கு நாம் பெரிதும் கடப்பாடுடையோம். அவர் செய்திராவிடின் சொற்களும் அழிந்திருக்கும். ஆயினும் அச்சுத்தாள் சொல்லைக் காக்குமேயன்றிக் குரலைக் காவாது.

ஆசிரியன் செய்த பிழை

இனி, முன்னர்க் குறித்த பிழையைக் கூறுகின்றேன். பல ஆண்டுகட்கு முன், நான் கற்பித்த பாடசாலை ஒன்றிலே, தமிழ்த்தினப் போட்டிக்குக் குழுப்பாடல் பயிற்றினேன். பன்னிரண்டு சிறுமியர். அவருள் ஒருத்தியின் குரல் தடித்து, சற்றே கரகரத்து, மற்றையோரினும் தாழ்ந்து ஒலித்தது. பாட்டின் சமநிலை கெடுகின்றதென்று எண்ணி, அவளைப் பின்வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசை பிள்ளை, சத்தம் வேண்டாம்" என்றேன். கடிந்து கூறவில்லை, கனிவாகவே கூறினேன். அவளும் "சரி சேர்" என்றாள். போட்டி நாளன்று அவ்வாறே வாயை அசைத்தாள். மூன்றாமிடம் கிடைத்தது. அதன்பின் எந்தப் பாட்டுக்கும் அவள் வந்திலள், நானும் அழைத்திலேன்.

ஏழெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். கும்மி நடந்துகொண்டிருந்தது. முன்பாட்டுப் பாடியவளின் குரல் தடித்து, கரகரத்து, கோயில் முற்றத்தைத் தாண்டிக் கீழ் இலயம்வரை சென்றது. இருபது பெண்கள் அக்குரலைப் பின்பற்றி அடியெடுத்து வைத்தனர். அருகிற் சென்று நோக்கினேன், அவளே. கும்மி ஓய்ந்ததும் என்னைக் கண்டு, "வாங்க சேர், எப்ப வந்தீங்க?" என்று மலர்ந்த முகத்தோடு வரவேற்றாள். பழையதொன்றும் பேசினாளில்லை. அவளுக்கு அது நினைவில் இருந்ததோ இல்லையோ, எனக்கு இருந்தது.

என் பிழையின் காரணத்தைப் பின்னரே ஆராய்ந்தேன். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கி, பன்னிருவரும் அதிலேயே பாடவேண்டும் என்றேன். பெண்கள் பெரும்பாலும் நாலரைக் கட்டையை ஒட்டியும் அதற்கு மேலும் பாடுவர் என்பது பொதுவழக்கு. ஆனால் அது சட்டம் அன்று. அச்சிறுமியின் மிடற்றுக்கு அச்சுருதி ஒவ்வாதது. ஒவ்வாத உயரத்தில் இழுக்கப்பட்ட குரல் பிசிறடித்தது. பிசிறைக் கேட்டேன், குரலைக் கேட்டிலேன். கட்டையைக் குறைத்து முன்பாட்டை அவளிடம் கொடுத்திருப்பின், மற்றையோர் பின்பாட்டாகத் தொடர்ந்திருப்பர். கும்மி அவ்வாறே அமைந்தது என்பதை அத்தோட்டத்துப் பெண்கள் அறிந்திருந்தனர். பட்டதாரி ஆசிரியன் அறிந்திலேன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது ஒன்றே. தனிக்குரல் என்பது பொதுவான இனிமையிலிருந்து விலகிய குறை அன்று. ஒருத்தியின் உடலும் பழக்கமும் வாழ்க்கையும் ஒருங்கே கூடி ஒலிக்கும் ஒலி. சுருதி தவறுதல் பிழை. தாளம் தவறுதல் பிழை. சொல் சிதைதல் பிழை. இவற்றைத் திருத்துதல் ஆசிரியர் கடன். ஆனால் கனமும் கூர்மையும் கரகரப்பும் பிழைகள் அல்ல; அவை ஆளின் முகம் போன்றவை. முகத்தைத் திருத்தப் புகும் ஆசிரியன் ஆளை அழிக்கின்றான்.

ஆதலின் ஆசிரிய நண்பர்க்கு இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, பாட்டைக் கற்பிக்குமுன் பிள்ளையின் இயல்பான சுருதியை அறிக. பிள்ளைக்கேற்பக் கட்டையை மாற்றுக, கட்டைக்கேற்பப் பிள்ளையை மாற்றற்க. இரண்டாவது, நம் தோட்டங்களிலே தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அறிந்த முதிய பெண்கள் இன்னும் உளர். வேலுப்பிள்ளை அவர்கள் காலத்தில் பெரும்பாலோர்க்கு எழுதுகோலே எளிதிற் கிட்டிய கருவி. இன்றோ ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் குரலைப் பதியும் கைப்பேசி உண்டு. அம்முதியோரின் இசைவு பெற்று, அருகமர்ந்து, திருத்தாது, குறுக்கிடாது பதிந்து வைப்போமாக. மீனாட்சி அம்மாளின் குரல் நமக்குக் கிட்டாது போயிற்று. இனியுள்ள குரல்களேனும் அவ்வாறு போகாதிருத்தல் வேண்டும்.

மாணவியர்க்கும் ஒரு சொல். உங்கள் குரல் வானொலியிற் கேட்கும் குரலைப் போல இல்லையே என்று வருந்தவேண்டா. அவ்வானொலிக் குரலும் ஒருநாள் பிறர் குரலைப் போல இருந்ததில்லை.